எத்தனை நிமிடம்? – மூலிகைக் கொசுவிரட்டியும் நம் பள்ளிகளும்



நம் தமிழ்ப்பள்ளிகளின் அறிவியல் விழாக்களிலும் புத்தாக்கப் போட்டிகளிலும் ஆண்டு தவறாமல் தலைகாட்டும் படைப்பு ஒன்று உண்டு. 'இயற்கை மூலிகைக் கொசுவிரட்டி' என்பது அதன் பெயர். செராய், வேப்பிலை, துளசி, கிராம்பு, எலுமிச்சைத் தோல் ஆகியவற்றுள் இரண்டையோ மூன்றையோ அரைத்து, வடிகட்டி, தெளிப்புப் புட்டியில் அடைத்து மேசைமேல் வைத்திருப்பார்கள். 'இரசாயனம் அற்றது', 'பக்க விளைவு இல்லாதது', 'நூறு விழுக்காடு இயற்கை' என்று பின்னால் உள்ள அட்டையில் வண்ண எழுத்துகள் மின்னும். மாணவர்கள் மூன்று மொழிகளிலும் தடையின்றி ஒப்புவிப்பார்கள். நடுவர்கள் முகர்ந்து பார்த்துத் தலையாட்டுவார்கள். பதக்கமும் கிடைத்துவிடும், நாளிதழில் படமும் வந்துவிடும்.

பிள்ளைகள் மேடையேறுவதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால், அந்த மேசைகளின் முன் நிற்கும்போதெல்லாம் ஒரே ஒரு கேள்வி மனத்தில் எழுகிறது. இந்தப் புட்டி எத்தனை நிமிடம் காக்கும்?

இந்தக் கேள்விக்கு விடை சொன்ன குழுவை நான் இதுவரை கண்டதில்லை. 'நீண்ட நேரம் காக்கும்' என்பார்கள். நீண்ட நேரம் என்பது பத்து நிமிடமா, ஐந்து மணி நேரமா? கொசுவிரட்டி என்னும் பொருளின் தரமே அந்த எண்ணில்தான் அடங்கியிருக்கிறது. காலையில் பூசிவிட்டு 'பிள்ளைக்குப் பாதுகாப்பு இருக்கிறது' என்று நம்பிவிடுகிற பெற்றோருக்கு அந்த எண் தெரியாவிட்டால், பூசாமல் இருப்பதைவிட அது ஆபத்தாகிவிடும்.

நாம் விளையாட்டாகப் பேசுகிற செய்தி அன்று இது. 2019-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 130,101 பேர் டிங்கிக் காய்ச்சலுக்கு ஆளாயினர். 182 பேர் இறந்தனர். பெருந்தொற்றுக் காலத்தில் எண்ணிக்கை குறைந்து, 2023-இல் மீண்டும் 123,133 ஆக உயர்ந்தது; 100 உயிர்கள் போயின. 2024-இல் 122,423 பேர், 117 இறப்புகள். சிங்கப்பூரிலும் 2020-ஆம் ஆண்டில் 35,000-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். மேலும், ஏடிஸ் கொசு இரவில் கடிப்பதைவிடப் பகலில் கடிப்பதே மிகுதி. சூரியன் உதித்த பின்னான ஓரிரு மணி நேரமும் மறைவதற்கு முன்னான சில மணி நேரமும் அதற்கு உகந்த வேளை. அதாவது, நம் பிள்ளைகள் காலைச் சபைகூடலில் வரிசை பிடித்து நிற்கும் வேளையும் மாலையில் திடலில் பந்து விளையாடும் வேளையும்! இரவில் படுக்கையறையில் கொசுவத்தி கொளுத்தி வைப்பதால் இந்தக் கொசுவிடமிருந்து கிடைக்கும் பயன் குறைவே.

அப்படியானால் தாவர எண்ணெய்கள் வெறும் கட்டுக்கதையா? இல்லவே இல்லை. இதையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பெண் கொசு நம்மைக் கண்டுபிடிப்பது நாம் வெளிவிடும் கரியமில வாயுவாலும், வியர்வையில் உள்ள இலாக்டிக் அமிலம் போன்ற மணங்களாலும், உடல் வெப்பத்தாலும்தான். சில தாவரங்களின் ஆவியாகும் எண்ணெய்கள் கொசுவின் உணர்கொம்புகளில் உள்ள மணமறியும் உறுப்புகளைக் குழப்பவோ வெறுப்பூட்டவோ செய்கின்றன. செராய் வாங்கி எனப்படும் புல்லிலிருந்து எடுக்கும் சிட்ரோனெல்லா எண்ணெய் இவற்றுள் பெயர் பெற்றது. அதில் சிட்ரோனெல்லால், ஜெரானியால், சிட்ரோனெல்லோல் ஆகிய மூன்றும் முதன்மையானவை. இலங்கையின் தென்பகுதியில் பயிராகும் இனமும் ஜாவா இனமும் வெவ்வேறு. ஜாவா இன எண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிட்ரோனெல்லால். இலங்கை இனத்தில் அது மிகக் குறைவு. அமெரிக்காவில் இந்த எண்ணெய் 1948-ஆம் ஆண்டிலேயே பூச்சிவிரட்டியாகப் பதிவு பெற்றுவிட்டது. நம் முன்னோர் நொச்சித் தழையையும் வேப்பிலையையும் புகைத்ததில் பொருள் இல்லாமல் இல்லை.

இங்கே ஓர் இடைச்செருகல். நம் பள்ளிப் படைப்புகளில் பெரும்பாலும் காணப்படுவது செராய் வாங்கி அன்று. சமையலுக்குப் பயன்படும் செராய், அதாவது எலுமிச்சைப்புல். இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் ஒரே புல் அல்ல. சமையல் செராயின் எண்ணெயில் சிட்ரால் மிகுதி. அடித்தண்டு வெளிர்நிறமாக இருக்கும். செராய் வாங்கியின் அடித்தண்டு செந்நிறம் படர்ந்திருக்கும். கறியில் போட்டால் வாயில் வைக்க முடியாது. சமையல் செராய்க்கும் ஓரளவு விரட்டும் ஆற்றல் உண்டுதான். ஆயினும், அட்டையில் 'சிட்ரோனெல்லா' என்று எழுதிவிட்டு மேசையில் தொம்யாம் செய்யும் செராயை வைத்திருப்பது அறிவியல் ஆகாது.

சரி, நிமிடக் கணக்கிற்கு வருவோம். 2002-ஆம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து மருத்துவ ஆய்விதழில்' ஓர் ஆய்வு வெளிவந்தது. தன்னார்வலர் 15 பேர், ஆய்வகத்தில் வளர்த்த நோயற்ற ஏடிஸ் கொசுக்கள் இருந்த கூண்டுக்குள் கையை விட்டு, முதல் கடி எப்போது விழுகிறது என்று அளந்தார்கள். 23.8 விழுக்காடு டீட் கலந்த பூச்சு சராசரியாக 301.5 நிமிடம் காத்தது. சோயா எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட ஒரு பூச்சு 94.6 நிமிடம் காத்தது. கடைகளில் விற்ற சிட்ரோனெல்லாப் பூச்சுகளோ 20 நிமிடத்தைக்கூடத் தாண்டவில்லை. கையில் கட்டிக்கொள்ளும் மணமூட்டிய பட்டைகள் காத்த நேரம் 0.2 முதல் 0.3 நிமிடம். மீண்டும் படியுங்கள்... ஒரு நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! இன்று பேரங்காடிகளில் அழகழகான வண்ணங்களில் தொங்கும் பட்டைகளையும், சட்டையில் ஒட்டும் கரடிப் படங்களையும் வாங்கும் பெற்றோர்கள் இந்த எண்ணை மறக்க வேண்டாம். மணம் பரவும் இடத்திலிருந்து சில விரற்கடைத் தொலைவுக்கு அப்பால் உள்ள தோலை அது காப்பதில்லை. மணிக்கட்டில் பட்டை இருந்தால் கணுக்காலில் கடிக்கக் கொசுவுக்கு என்ன தடை?

சிட்ரோனெல்லா ஏன் இவ்வளவு விரைவில் தோற்கிறது? அதன் சிறப்பே அதன் குறை. எண்ணெயின் மூலக்கூறுகள் சிறியவை, எளிதில் ஆவியாகின்றன. ஆவியாவதால்தான் கொசுவின் உணர்கொம்பை எட்டுகின்றன. ஆவியாவதால்தான் தோலை விட்டு விரைவில் போய்விடுகின்றன. நம் நாட்டு வெயிலிலும் வியர்வையிலும் இன்னும் விரைவாகப் போகும். ஆகவே, இயற்கைக் கொசுவிரட்டியை 'உருவாக்குதல்' என்பது மணமுள்ள இலையைக் கண்டுபிடிப்பதன்று. அதை நம் பாட்டிமார் எப்போதோ செய்துவிட்டார்கள். அந்த மணத்தைத் தோலில் தங்க வைப்பதே இப்போதுள்ள வேலை.

அந்த வேலையில் உலகம் சில படிகள் ஏறியிருக்கிறது. தாய்லாந்து ஆய்வாளர்கள் 2001-இல் மஞ்சள், கபீர் எலுமிச்சை (நாம் லீமாவ் பூருட் என்கிறோமே, அதுதான்), சிட்ரோனெல்லா, ஒருவகைத் துளசி ஆகிய நான்கின் எண்ணெய்களை எடுத்து, அவற்றோடு 5 விழுக்காடு வெனிலின் சேர்த்துச் சோதித்தார்கள். வெனிலின் ஆவியாதலைத் தாமதப்படுத்தியது. கூண்டுச் சோதனையில் மஞ்சள், சிட்ரோனெல்லா, துளசி எண்ணெய்கள் எட்டு மணி நேரம் வரையிலும் காத்தன. இவையெல்லாம் நம் வீட்டுக் கொல்லையில் வளரும் செடிகள். நம் நாட்டிலும் கெப்போங்கில் உள்ள வன ஆய்வுக் கழகம் உள்ளூர் மரங்களின் இலை எண்ணெய்களை இதற்காக ஆராய்ந்திருக்கிறது.

இதைவிடச் சுவையான கதை ஒன்று உண்டு. எலுமிச்சை மணமுள்ள ஒருவகைத் தைல மரத்தின் எண்ணெயில் பெரும்பகுதி சிட்ரோனெல்லால்தான். அந்த எண்ணெயும் மற்றவற்றைப் போலவே விரைவில் பறந்துவிடும். ஆனால், எண்ணெயை வடித்தெடுத்த பின் எஞ்சிய கழிவு நீரில் கொசுவை நெடுநேரம் விரட்டும் பொருள் ஒன்று இருப்பதைச் சீன ஆய்வாளர்கள் கண்டார்கள். அதன் பெயர் பி.எம்.டி. அது எளிதில் ஆவியாவதில்லை. 2002-ஆம் ஆண்டின் அதே ஆய்வில் இந்த மரத்தைச் சார்ந்த பூச்சு ஏறக்குறைய 120 நிமிடம் காத்தது. 2005-ஆம் ஆண்டு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் டீட்டுக்கு மாற்றாகப் பரிந்துரைத்த பொருள்களில் இதுவும் ஒன்று. நமக்கு இதில் என்ன பாடம் என்றால், சிட்ரோனெல்லாலை நீர்த்த அமிலத்தோடு வினைபுரியச் செய்தால் இதே பி.எம்.டி. கிடைக்கும். செராய் வாங்கியில் சிட்ரோனெல்லால் இருக்கிறது. செராய் வாங்கி நம் மண்ணில் களைபோல் வளர்கிறது. வேதியியல் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் கைவைக்க வேண்டிய இடம் இதுதான் என்பேன். ஆனால், அப்படிக் கிடைக்கும் பொருளை 'இரசாயனம் அற்றது' என்று அட்டையில் எழுத முடியாது! உண்மையில் செராயில் இருப்பதும் இரசாயனமே, தண்ணீரும் இரசாயனமே. இதை நாம் மூன்றாம் ஆண்டிலிருந்தே சொல்லிக் கொடுக்கலாம்.

'இயற்கை என்றால் தீங்கற்றது' என்னும் நம்பிக்கைதான் என்னை மிகவும் கவலைகொள்ள வைப்பது. இதில் நம் சமூகத்திற்கு ஒரு கசப்பான வரலாறே உண்டு. 1981-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் மலேசிய மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட 13 கைக்குழந்தைகள் சில மணி நேரத்திற்குள் வாந்தி, மயக்கம், மூளைப் பாதிப்பு ஆகியவற்றுக்கு ஆளானதை அதில் பதிவு செய்திருந்தனர். சளிக்கும் சிறு நோய்களுக்கும் நம் வீடுகளில் வழிவழியாகக் கொடுத்துவந்த அதே வேப்பெண்ணெய்தான். தோலில் பூசுவதும் வாயில் ஊட்டுவதும் ஒன்றல்ல, உண்மை. ஆனால் கையில் பூசியதை வாயில் வைக்காத குழந்தை எது? தைல எண்ணெயையும் கற்பூர எண்ணெயையும் குழந்தை விழுங்கினால் வலிப்பு வரக்கூடும். சிட்ரால் சிலர் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். எலுமிச்சைத் தோலின் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் வெந்து கறுத்துப் போகலாம். இந்தச் சாற்றைப் பூசிய பிள்ளையை நாம் திடலுக்குத்தானே அனுப்பப் போகிறோம்?

புகைக்கும் இதே நியாயம் பொருந்தும். பால்மரக் காட்டில் இடுப்பில் கொசுவத்தியைக் கட்டிக்கொண்டு விடியுமுன் மரம் சீவிய தலைமுறை நம்முடையது. அந்தப் பால் கிண்ணங்களிலேயே ஏடிஸ் இனக் கொசு முட்டையிட்டது என்பது வேறு கதை. சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற கொசுவத்திகளை ஆராய்ந்து 2003-இல் வெளியான ஆய்வொன்று, ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 வெண்சுருட்டுகள் வெளியிடும் அளவுக்குச் சமம் என்றது. வேப்பிலைப் புகையாக இருந்தாலும் நுரையீரலுக்குப் புகை புகைதான்.

இனி, பள்ளிக்கு வருவோம். சில போட்டிகளுக்குப் பெற்றோர்கள் ஆயிரக்கணக்கான ரிங்கிட் திரட்டிப் பிள்ளைகளை வெளிநாடு அனுப்புகிறார்கள். பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு பதக்கத்தோடு திரும்பும் போட்டிகளும் உண்டு. ஆய்வறிக்கையை யார் எழுதினார்கள் என்பதை நாம் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதில்லை. கேட்காமலிருப்பதே நாகரிகம் என்றாகிவிட்டது. எனக்கு மேடையோடு சண்டையில்லை. தோட்டப்புறத்துப் பிள்ளை ஒன்று ஆங்கிலத்தில் நடுவர் முன் அச்சமின்றிப் பேசுவது எவ்வளவு பெரிய செய்தி என்பதை நான் அறிவேன். ஆனால், அளக்காத ஒன்றை அளந்ததாகச் சொல்லும் பழக்கத்தை பத்து வயதிலேயே நாம் ஊட்டிவிடக் கூடாது. 'கொசு வரவில்லை, ஆகவே எங்கள் விரட்டி வேலை செய்கிறது' என்று ஒரு குழு சொல்லும். விரட்டி இல்லாத அறையிலும் அன்று கொசு வந்ததா என்று பார்த்தீர்களா?

கனடாவில் 1996-இல் செய்த ஒரு சோதனையை நான் வகுப்பில் அடிக்கடி சொல்வதுண்டு. சிட்ரோனெல்லா கலந்த மெழுகுவர்த்திக்கு அருகில் இருந்தவர்களுக்குக் கடி 42 விழுக்காடு குறைந்தது. கேட்டவுடன் கைதட்டத் தோன்றுகிறதல்லவா? அந்த ஆய்வாளர்கள் எண்ணெய் எதுவும் கலவாத வெறும் மெழுகுவர்த்தியையும் ஏற்றிப் பார்த்தார்கள். அதற்கே 23 விழுக்காடு குறைந்துவிட்டது! ஆக, 42-இல் பாதிக்கு மேல் எண்ணெயின் பெருமையன்று, எரியும் மெழுகுவர்த்தியின் பெருமை. வெறும் மெழுகுவர்த்தியை ஏற்றிப் பார்க்கத் தோன்றுவதுதான் அறிவியல். தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று நாம் பயிற்றியில் மனனம் செய்விப்பதன் பொருள் இதில் இருக்கிறது.

தொடக்கப்பள்ளியில் கொசுவை வைத்துச் சோதிக்க முடியாது, சோதிக்கவும் கூடாது. பிள்ளைகளின் கையைக் கொசுவுக்குக் காட்டுவது எந்தப் பெயரிலும் ஏற்கத்தக்கதன்று. கொசுப் புழுவைப் பள்ளியில் வளர்ப்பதும் வேண்டாம். 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் பள்ளிக்கும் பொருந்தும். ஆனால், கொசு இல்லாமலேயே அளக்கக்கூடியவை பல.

முதலில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கலாம். செராய் வாங்கி இலையில் எண்ணெய் எடையில் ஏறக்குறைய ஒரு விழுக்காடுதான். சமையல் செராயில் அதைவிடக் குறைவு. ஒரு கிலோ இலையிலிருந்து ஒரு சிறு தேக்கரண்டி அளவு கிடைத்தாலே நல்ல விளைச்சல். திறந்த பானையில் கொதிக்க வைத்தால் அந்தச் சிறிதளவும் நீராவியோடு கூரையேறிவிடும். வகுப்பெல்லாம் மணக்கும், புட்டியில் மிஞ்சுவது பச்சைத் தண்ணீர். நீராவியைக் குளிரவைத்துப் பிடிக்கும் வாலைவடித்தல் முறையை ஆசிரியர் செய்துகாட்ட, மேலே மிதக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை மாணவர்கள் தம் கண்ணால் காண வேண்டும். எண்ணெயும் நீரும் சேராது என்பதால் தெளிப்புப் புட்டியைக் குலுக்கினாலும் சற்று நேரத்தில் பிரிந்துவிடும் என்பதையும் அவர்களே கண்டுகொள்வார்கள்.

அடுத்து, எத்தனை நிமிடத்தில் பறக்கிறது என்று பார்க்கலாம். நான்கு வடிதாள்கள். ஒன்றில் எண்ணெய் மட்டும் பத்துச் சொட்டு. இரண்டாவதில் அதே பத்துச் சொட்டு, தேங்காயெண்ணெயோடு. மூன்றாவதில் அவற்றோடு வெனிலின் தூள். நான்காவதில் தேங்காயெண்ணெய் மட்டும். கிராமில் நூற்றில் ஒரு பங்கு காட்டும் சிறு தராசில் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை எடை பார்த்துக் கோட்டு வரைபடம் வரையலாம். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய ஆவியாவதே இல்லை; குறையும் எடை புல்லெண்ணெயின் எடைதான். (கேக் செய்யும் வெனிலா எசன்ஸ் இதற்கு ஆகாது; அதில் உள்ள நீரும் சாராயமும் தாமே ஆவியாகிக் கணக்கைக் கெடுத்துவிடும்.) வெனிலின் தாமதப்படுத்தாவிட்டாலும் கவலையில்லை. 'தாமதப்படுத்தவில்லை' என்று அட்டையில் எழுதட்டும். அப்படி எழுதிய குழுவுக்கு நான் நடுவராக இருந்தால் முதற்பரிசு கொடுப்பேன்.

உயிருள்ள பூச்சியில் பார்த்தே ஆக வேண்டுமென்றால் எறும்பு இருக்கிறது. சர்க்கரையைச் சுற்றி எண்ணெய் வட்டம், வெறும் தேங்காயெண்ணெய் வட்டம், வட்டமே இல்லாத சர்க்கரை. எத்தனை எறும்பு, எத்தனை நிமிடத்தில் தாண்டியது? முடிவை 'எறும்புக்கு' என்று மட்டும் எழுத வேண்டும். கொசுவுக்கு நீட்டக் கூடாது.

பெற்றோர்களுக்கு ஒன்றிரண்டு. இயற்கைப் பொருள் வாங்குவதானால் புட்டியின் முன்பக்கத்தில் உள்ள இலைப் படத்தைப் பாராமல், பின்பக்கத்தில் வினைப்பொருளின் பெயரும் விழுக்காடும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பி.எம்.டி. உள்ளவற்றை மூன்று வயதுக்கு உட்பட்டோருக்குப் பூச வேண்டாம். அருகில் டிங்கி பரவியிருக்கும் வேளையில் டீட் அல்லது பிக்காரிடின் உள்ள பூச்சைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். குழந்தைகளுக்கு டீட் 30 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம். இரண்டு மாதத்திற்கு உட்பட்ட சிசுவுக்கு எதையும் பூசாமல் கொசுவலை போதும். பிள்ளையின் உள்ளங்கையிலும் கண், வாய் அருகிலும் பூசாதீர்கள். வீடு திரும்பியதும் கழுவிவிடுங்கள். செராய் வாங்கியை வாசலில் நட்டு வையுங்கள், அழகாக இருக்கும். ஆனால், செடி சும்மா நிற்பதால் கொசு ஓடுவதில்லை. அதன் தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் தண்ணீர் தேங்கினால் கொசு அங்கேயே குடித்தனம் நடத்தும். முட்டை கொசுவாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் போதும். ஆகவே, வாரம் ஒருமுறை அந்தத் தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

உங்கள் பள்ளியில் எந்தக் குழுவேனும் இலை எண்ணெயைத் தராசில் வைத்து நிமிடக் கணக்கு எடுத்திருந்தால், பதக்கப் படம் வேண்டாம், அந்த எடை அட்டவணையை எனக்கு அனுப்பி வையுங்கள். எந்தப் புல், எத்தனை சொட்டு, மின்விசிறி ஓடியதா இல்லையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.